36 வினாடிக்கு 52 நிமிடம்

"உறுதி" என்ற சொல்லை, இன்னும் வராத வீடியோ கேமுக்குக் கதை கண்டுபிடிக்கும் இந்த தியரிக்காரர்களிடமிருந்து யாராவது பிடுங்கி வைத்தால் புண்ணியமாகப் போகும். யூகம் என்று சொல், ஆசை என்று சொல், நேற்று ராத்திரி கண்ட கனவு என்றுகூடச் சொல், கேட்டுக்கொள்கிறேன். உறுதி என்று மட்டும் சொல்லாதே.

நேற்று ஞாயிறு. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று சாய்ந்தேன். சித்தப்பா மகன் வந்தான். வந்ததும் வராததுமாக என் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டுத் தன் போனைச் செருகினான். "அண்ணா, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறோட மொத்தக் கதையும் தெரிஞ்சுபோச்சு. உறுதியாயிடுச்சு" என்றான். தூக்கம் போயே போய்விட்டது. 2011 நவம்பரில் அந்த வீடியோ கேம் தொடரின் ஐந்தாம் பாகமான ஸ்கைரிம் வந்ததிலிருந்து அடுத்தது எப்போது என்று காத்துக்கிடக்கிறவன் நான். "எங்கேடா, காட்டு" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

52 நிமிட வீடியோ. எதைப் பற்றி? புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா? இல்லை. 2018 ஜூன் 10ஆம் தேதி ஈ3 வீடியோ கேம் கண்காட்சி சமயத்தில் காட்டினார்களே, அதே 36 வினாடி டீசர். அதே மலை, அதே மேகம், ஓரத்தில் அதே தண்ணீர், கடைசியில் அதே பெயர். இது வந்தபோது தம்பி ஆறாம் வகுப்பு. இப்போது கல்லூரிக்குப் போகிறான். டீசரைப் பார்த்துக் கைதட்டிய அந்தக் கண்காட்சியையே 2023 டிசம்பரில் நிரந்தரமாக இழுத்து மூடிவிட்டார்கள். இவர்கள் இன்னும் அந்த மலையை விட்டு இறங்கவில்லை.

நான்காவது நிமிடத்தில் படத்தை நிறுத்தினார் வீடியோ போட்ட அந்த ஆள். ஒரு பாறை ஓரத்தில் சிவப்பு வட்டம். "கவனமாகப் பாருங்கள்." பார்த்தேன். பாறை. இன்னும் பெரிதாக்கினார். இப்போது செங்கல் செங்கலாகப் புள்ளிகள்தான் தெரிந்தன. "இது கோட்டை மதில். அப்படியென்றால் இது ஹேமர்ஃபெல்." ஹேமர்ஃபெல் என்பது அந்த விளையாட்டு உலகத்தில் ஒரு நாடு. ஏன், மற்ற நாட்டில் எல்லாம் மதிலே கட்ட மாட்டார்களா? கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "அண்ணா, முழுசா பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றான் தம்பி.

சரி, பார்த்தேன்.

பதினோராவது நிமிடத்தில் மலையின் நிழலை அளந்தார். நிழல் இந்தப் பக்கம் விழுகிறது, ஆகவே சூரியன் அந்தப் பக்கம், ஆகவே கடல் மேற்கே, ஆகவே இது ஹேமர்ஃபெல்லை ஒட்டிய இலியாக் விரிகுடா. அது காலையா மாலையா என்றே தெரியாது! எதை வைத்துத் திசை சொன்னாய்? அதற்குப் பதில் இல்லை. அடுத்து இசையைப் பின்னோக்கி ஓடவிட்டார். ஒரு நிமிடம் முழுக்க 'ஊய்ய்ய்' என்று ஒரு சத்தம். "ஒரு பெயர் கேட்கிறதா?" என்றார். எனக்குப் பழைய மிக்ஸி ஓடுகிற மாதிரி இருந்தது. தம்பிக்குப் பெயர் கேட்டதாம். மறுபடி ஓடவிட்டான். மூன்று தடவை ஓடவிட்டான்.

அப்புறம் மெழுகுவர்த்தி வந்தது. 2020 கடைசி நாளில் விளையாட்டைத் தயாரிப்பவர்கள் புத்தாண்டு வாழ்த்தாக ஸ்கைரிம் வரைபடத்தின் மேல் மெழுகுவர்த்திகளை வைத்து ஒரு படம் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று ஹேமர்ஃபெல் பக்கமாக இருக்கிறதாம், அதுவே ஆதாரமாம். அது முடிந்ததும், அதே நிறுவனத்தின் விண்வெளி விளையாட்டான ஸ்டார்ஃபீல்ட் டிரெய்லரில் விண்கலத்துக்குள்ளே தெரிந்த ஒரு கீறல். அதன் வடிவமும் ஹேமர்ஃபெல்தானாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே கேள்வி: "இது தற்செயல் என்று நினைக்கிறீர்களா?" ஆமாம் ஐயா, தற்செயல் என்றுதான் நினைக்கிறேன்! எண்ணினேன், பதினாறு தடவை கேட்டார். பதினாறு தடவையும் அதே பதில்தான் சொன்னேன், யார் காதிலும் விழவில்லை.

இதுவரைக்கும் இடம் எது என்பதுதான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஹேமர்ஃபெல் வந்தால் முதலில் துள்ளிக் குதிப்பவன் நானே. விளையாட்டின் கதையில், தால்மோர் என்ற எல்ஃப் ஆட்சிக் கூட்டத்துக்குப் பணிந்து பேரரசு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டபோது, முடியாது என்று தனியாக நின்று சண்டை போட்டு, அவர்களைத் தங்கள் மண்ணிலிருந்து வெளியேற வைத்தவர்கள் ஹேமர்ஃபெல் மக்களான ரெட்கார்டுகள். அந்தப் போரின் கதையை ஸ்கைரிமில் அங்கங்கே கிடக்கும் புத்தகங்களிலிருந்து துணுக்குத் துணுக்காகப் பொறுக்கியவர்களுக்கு அந்த நாட்டை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்காதா? எனக்கும் இருக்கிறது. ஆனால் ஆசை என்றுதான் சொல்வேன். டீசரில் ஊரின் பெயரை யாரும் சொல்லவில்லை.

40ஆவது நிமிடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. "இப்போது கதைக்கு வருவோம்" என்றார். நாயகன் யார், வில்லன் யார், கடைசியில் எந்தக் கோபுரம் இடிகிறது, யார் சாகிறார்கள் என்று வரிசையாக ஒப்பித்தார். உலகத்தைத் தாங்கும் கோபுரங்களை ஒவ்வொன்றாகத் தகர்த்து உலகத்தையே அழிப்பதுதான் தால்மோரின் திட்டம் என்று அடித்துச் சொன்னார். எந்த விளையாட்டிலும் அது அப்படி நேராகச் சொல்லப்படவே இல்லை. பழைய எழுத்தாளர் ஒருவர் விளையாட்டுக்கு வெளியே எழுதிப்போட்ட ஒன்றிலிருந்து எடுத்து ஊதிப் பெருக்கியது. அதற்கு அடுத்து, சாடியாதான் துரோகி, உறுதி, ஆறாம் பாகத்தில் அவள் திரும்பி வருவாள், அதுவும் உறுதி.

சாடியா! ஸ்கைரிமில் வைட்ரன் ஊர்ச் சத்திரத்தில் வேலை செய்யும் அந்தப் பெண்ணை மறந்தவர் உண்டா? தால்மோருக்கு எதிராகப் பேசியதால் என்னைத் துரத்துகிறார்கள் என்கிறாள் அவள். ஹேமர்ஃபெல்லின் டானத் நகரத்தையே எதிரிக்கு விற்றவள் அவள் என்கிறான் அவளைத் தேடிவந்த கெமாட்டு. யார் சொல்வது உண்மை என்று விளையாட்டு கடைசிவரை சொல்வதில்லை. முதல் தடவை அவளை நம்பி அவனைக் கொன்றேன். இரண்டாம் தடவை அவளைப் பிடித்து அவனிடம் ஒப்படைத்தேன். இரண்டு தடவையும் வயிற்றில் ஏதோ பிசைந்தது. அந்தப் பிசைதலுக்காகத்தானே அந்தக் கதையை அப்படி எழுதியிருக்கிறார்கள்! அதை நாற்பது வினாடியில் "துரோகி, உறுதி" என்று முடித்துவிட்டு சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்கிறார்.

இந்தத் தொடரின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 1996இல் வந்த இரண்டாம் பாகமான டேகர்ஃபாலுக்குப் பல முடிவுகள். கதையில் வரும் ஒரு பிரம்மாண்ட இயந்திரத்தை யாரிடம் கொடுக்கிறோமோ அதைப் பொறுத்து முடிவு மாறும். அடுத்த பாகம் வந்தபோது எது உண்மை என்று சொல்ல வேண்டுமல்லவா? அடுத்து வந்த பாகங்களில் என்ன செய்தார்கள்? காலமே உடைந்தது, எல்லா முடிவுகளும் ஒரே சமயத்தில் நடந்தன என்றார்கள். அந்த ஊர் மக்களே எது நடந்தது என்று குழம்பிக்கிடப்பதாகப் புத்தகங்களை எழுதி உள்ளே வைத்தார்கள். எந்த வீரரின் தேர்வையும் பொய்யாக்காமல் அவ்வளவு அழகாகத் தாண்டியவர்கள், ஸ்கைரிம் உள்நாட்டுப் போரில் யார் ஜெயித்தார்கள் என்பதை எப்படித் தாண்டுவார்கள்? இதை யோசித்தால் ஒரு ராத்திரி முழுக்கப் பேசலாம். அது தியரி. இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து சண்டை போடலாம். பாறையில் வட்டம் போடுவதில் என்ன சண்டை போடுவது?

நம்மை ஏற்கெனவே ஒருமுறை இப்படித்தான் மூன்று வருடம் இழுத்தடித்தார்கள். 2018 செப்டம்பரில் 'ரெட்ஃபால்' என்று ஒரு பெயருக்கு வணிகக்குறி விண்ணப்பம் போனது. அவ்வளவுதான், ரெட்கார்டில் ரெட், ஹேமர்ஃபெல்லில் ஃபெல், ஆகவே ஆறாம் பாகத்தின் பெயர் இதுவே, உறுதி! அதற்குக் கதை, அதற்கு வரைபடம், அதற்கு நாயகன். 2021இல் பார்த்தால் அது ரத்தக்காட்டேரிகளைச் சுடும் விளையாட்டு. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒருவர் வாய்திறந்து நான் பார்க்கவில்லை. அடுத்த பாறைக்குப் போய்விட்டார்கள்.

சாதாரணக் கணக்கு ஒன்று சொல்கிறேன். 2023 ஆகஸ்டில்தான் விளையாட்டு ஆரம்பகட்ட உருவாக்கத்துக்கு வந்திருக்கிறது என்று நிறுவனத்தார் சொன்னார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, வருவதற்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகலாம் என்று அப்போது மைக்ரோசாஃப்ட் கேமிங் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர் நீதிமன்றத்திலேயே சொன்னார். அப்படியிருக்க, 2018இல் காட்டிய பாறைக்குள் கடைசிக் காட்சியை யார் கொண்டுபோய் ஒளித்துவைத்தது?

எனக்குப் பயமே வேறு. இந்த வீடியோக்களைப் பார்த்து வளர்ந்த பையன்கள், விளையாட்டு வந்த அன்று, சாடியா வரவில்லை, கோபுரம் இடியவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்துவார்கள். எழுதியவர்கள் கொடுக்காத வாக்கை அவர்கள் மீறியதாகத் திட்டுவார்கள். ஸ்கைரிம் தொடக்கத்தில் வண்டியில் கைகட்டி உட்கார வைத்திருக்க, கண் விழிப்பாயே, அந்த முதல் நிமிடம், எதுவுமே தெரியாமல் இருக்கும் அந்த ஒரு நிமிடம், அதை இவனுக்கு யார் திருப்பித் தருவார்கள்?

இதையெல்லாம் தம்பியிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். தலையாட்டினான். "நீங்க சொல்றது சரிதாண்ணா. ஆனா இதுக்கெல்லாம் பாகம் ரெண்டுல பதில் சொல்லியிருக்காரு. ஒன்றே கால் மணி நேரம்தான்" என்றான்.

சிரிப்புதான் வந்தது. என்ன செய்வது? காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அவன் தெருமுனை தாண்டிய பிறகுதான் பார்க்கிறேன், என் சார்ஜரையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறான். போன மாதம்தான் வாங்கினேன். தீபாவளிக்கு வந்தபோது எடுத்துப்போனதையே இன்னும் திருப்பித் தரவில்லை. போனில் 4 சதவீதம் இருக்கிறது, அழைத்தால் எடுக்க மாட்டேன் என்கிறான்.