பரதநாட்டியம் 1936-ல் பிறக்கவில்லை
"ருக்மிணி தேவி 1936-ல் உருவாக்கியதுதான் பரதநாட்டியம்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு ருக்மிணி தேவி தொடங்கியது கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியை, நடனத்தை அல்ல.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றும் அரங்கேற்றத்தில் ஆடுகிறார்களே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி அது. ருக்மிணி தேவிக்கே ஆசான் அந்த வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பிறகு எப்படி 'உருவாக்கினார்'?

ருக்மிணி தேவிக்கு முன்பே இந்த நடனத்துக்கு மேடையும் இருந்தது. இசையையும் நடனத்தையும் குலத்தொழிலாகக் கொண்ட இசை வேளாளர் மரபில் வந்த கல்யாணியின் மகள்கள் 1931-லேயே சென்னை மியூசிக் அகாடமியில் ஆடினார்கள். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர்.

உடை, மேடை அமைப்பு, பாடத்திட்டம் என்று ருக்மிணி தேவி செய்தவை நிறைய, மறுக்கவில்லை. ஆனால் சிருங்காரத்தை, அதாவது காதல் உணர்வை, அவர் ஓரங்கட்டியதை பாலசரஸ்வதி கடைசிவரை ஏற்கவில்லை. சண்டை போட வேண்டுமானால் அதைப் பற்றிப் போடலாம், விஷயமிருக்கிறது.