பணம் போட்டவரே முதலாளியா?
மதுரையில் ஐந்து பேர் கூட்டுறவாக வீடியோ கேம் செய்யத் தொடங்கினால், கணினிக்குப் பணம் போட்டவரே கடைசியில் முதலாளியாகிவிடுவார் என்று நண்பர் எழுதியிருப்பது சரியன்று. கூட்டுறவில் பங்குத்தொகை எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். 2018இல் ‘டெட் செல்ஸ்’ விளையாட்டை வெளியிட்ட, பிரான்சின் போர்தோ நகரத்து மோஷன் ட்வின், சம ஊதியமும் சம வாக்கும் கொண்ட தொழிலாளர் கூட்டுறவு. இங்கே சங்கமாகப் பதிய ஆள் போதாத குழுவினர், 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்எல்பியாக, அதாவது கூட்டாளிகளின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டு நிறுவனமாகப் பதியலாம், இருவரே போதும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, அச்சட்டத்தின் முதல் அட்டவணை இலாபத்தைச் சமமாகப் பிரித்து, கூட்டாளி ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கைத் தருகிறது. சிம்மக்கல் மாடியறையில் நாங்கள் வரி வரியாகப் படித்த மாதிரி ஒப்பந்தப் படிவத்தில் ‘முதலீட்டு விகிதப்படி’ என்றிருந்ததைப் பேனாவால் அடித்துத் திருத்தினோம். கையெழுத்திடுமுன் தேட வேண்டியவை அந்த இரண்டு சொற்களே.