மைனருக்குப் பெயின்ற் அடிக்கமுன் கீழே குனிந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய காருக்கு மறுபடி மவுசு வந்துவிட்டது. கலியாண வீட்டு வாசலில் ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ-40ஓ நிற்காவிட்டால் வீடியோக்காரருக்கே மனம் ஆறுவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் வளவுக்குள் கோழி அடைகிடந்த கார்களெல்லாம் கிறீம் நிறம் பூசி, பம்பர் மினுக்கி, விலைக்கு வந்து நிற்கின்றன. பெயின்றுக்குப் போகிற காசில் பாதியாவது காருக்கு அடியில் போகவேண்டும். போவதில்லை. அதுதான் என் கோபம்.

இந்தக் கார்கள் இங்கே தப்பியதற்கு எங்கள் பாசம்தான் காரணம் என்று எழுதுகிறார்கள். பாசம் இருந்ததுதான், ஆனால் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடவைத்துக் காப்பாற்றியது கொம்பிறெஷன், அதாவது எஞ்சின் எரிபொருள் கலவையை அமுக்கும் அளவு. ஏ-40 எஞ்சினில் அது 7.2க்கு 1. இன்றைய பெற்றோல் எஞ்சின்களில் பெரும்பாலும் 10க்கு மேல். அதற்குள் மண்ணெண்ணெயை விட்டால் தட்டித் தட்டியே பிஸ்ரன் போய்விடும். அந்தத் தடைக்காலத்தில் பெற்றோலைத் துளிக்கணக்கில் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ற் பண்ணி, எஞ்சினோடு ஒட்டிய மனிபோல்ட் குழாய் தொடமுடியாத சூட்டுக்கு வந்தபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பிளக்கை நனைத்துவிட்டுச் சும்மா இருக்கும். எரியாமல் மிஞ்சியது பிஸ்ரன் றிங்கைத் தாண்டி, அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கும். அதனால் ஒயில் அளக்கும் டிப்ஸ்ரிக்கில் ஒயில் குறையாது, கூடும்! 'என்ர கார் ஒயிலே குடிக்காது' என்று சந்தோசப்பட்டால், ஒயில் தண்ணியாகிப்போன கதையைப் பெயாரிங் தட்டும்போதுதான் அறியலாம். அப்படி ஓடிக் களைத்த எஞ்சின் இன்றும் சந்தையில் உண்டு. அரை மணித்தியாலம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு ஐட்லில் நிறுத்துங்கள். ஒயில் விளக்கு மினுக்கினால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். கார் வெளிவந்தது 1948இல். கடைசி நேரத்தில் அகலம் போதாது என்று மாதிரிக் காரை நெடுக்காக அறுத்து 4 அங்குலம் விரித்தார்கள். பொனற்றின் நடுவில் ஓடுகிற அந்தத் தட்டைப் பட்டி அதன் தழும்பு. பம்பர் ஏற்கெனவே அடித்துவைத்திருந்ததால், ஆரம்பக் கார்களில் அதையும் நடுவில் வெட்டி ஒட்டுத் தகடு வைத்தார்கள். அந்த ஒட்டை 'விபத்து வேலை' என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அதே மனிதர் கொடுத்த றாக் அண்ட் பினியன் என்ற பல்லுச்சட்ட ஸ்ரியறிங்கும், ஸ்பிறிங்குக்குப் பதிலாக முறுகிக்கொடுக்கும் ரோர்ஷன் பார் கம்பியும்தான் இன்றைக்கும் எங்கள் ஒழுங்கை முடக்குகளில் மைனரை லாவகமாகத் திருப்புகின்றன. ஆனால் முன்சில்லுக்குக் கீழே ஒரு பலவீனமும் வைத்தார். சில்லைத் தாங்கும் கால் கீழே ட்ரனியன் என்ற திருகுப் பல் வைத்த கட்டைக்குள் திருகாணிபோல் இறங்கி நிற்கிறது. கிறீஸ் இல்லாவிட்டால் அந்தத் திருகுப் பல் தேய்ந்து, ஒருநாள் கால் கழன்று, சில்லு மடிந்து மட்கார்ட்டுக்குள் போய்ப் படுத்துவிடும். பெரும்பாலும் ரிவேர்ஸ் எடுக்கும்போதோ மெதுவாகத் திருப்பும்போதோ நடப்பதால் உயிர் தப்பும். வேகத்தில் நடந்தால்?

ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று, மொத்தம் 4 கிறீஸ் நிப்பிள். 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது கணக்கு, புழுதி ஒழுங்கை ஓடுபவர்களுக்கு 1,000. சில்லைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்ரியறிங்கை இருபக்கமும் திருப்பித் திருப்பி, பழைய கறுப்புக் கிறீஸ் போய்ப் புதியது பிதுங்கும்வரை அடியுங்கள். சில்லு கீழே நிற்க அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. தூக்கிய கையோடு சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். 'டொக்' என்று ஆடினால் கிறீஸ் இனி உதவாது, ட்ரனியன் மாற்றவேண்டும்.

பெடலை மிதித்ததும் பிறேக் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்ரர் சிலிண்டர் இருப்பது சாரதியின் காலடியில், சசிக்குள். அதன் மூடி காப்பெற்றுக்குக் கீழே. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண் முழுக்க அந்த மூடியைச் சுற்றித்தான் தேங்கும். துடைக்காமல் மூடியைக் கழற்றினால் அரை மேசைக்கரண்டி மண் நேரே பிறேக் ஒயிலுக்குள். அது றப்பரை அராவ, பெடல் மெதுவாகத் தரைக்கு இறங்கும். நாலு சில்லுக்கும் ஒரே பிறேக் ஒயில் சேர்க்கிற், ஒன்று போனால் நாலும் போச்சு. சிலிண்டரைக் கழற்றப் போனால் ரோர்ஷன் பார் ஆணிக்குக் குறுக்கே நிற்கும். கராச்சில் 'பிறகு பாப்பம்' என்பதற்கு அதுவே காரணம். பிறகுக்கு விடாதீர்கள். 948 சிசி கார்களில் முன் ட்ரம் 7 அங்குலம்தான். அதற்கு மேல் நிசான் எஞ்சின் ஏற்றி 'இழுவை பாருங்கோ' என்கிறார்கள். இழுவை பார்த்தாச்சு அண்ணை, நிற்பாட்டிக் காட்டுங்கோ.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணி விடாதீர்கள். எங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டியது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளை, குழாய்க்குள்ளும் படியும். ஓட்டிவந்து நிறுத்தியதும் றேடியேற்றரின் முகத்தில் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஓரிடம் சூடு, ஓரிடம் குளிர் என்றால் அங்கே அடைத்திருக்கிறது. சூட்டைப் பார்த்துத் தண்ணியைத் திறந்துவிடும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது வைத்தியமில்லை. மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்த வேண்டும். மாரியில் பிடித்த மழைத்தண்ணி இரண்டு பங்கு, கூலன்ற் ஒரு பங்கு போதும்.

ஈயப் பெற்றோல் 2002இல் நின்றுபோனது. அந்த ஈயம்தான் எக்சோஸ்ற் வால்வு வந்து உட்கார்ந்து மூடுகிற இருக்கையைக் காத்தது. இப்போது இருக்கை தேய, வால்வு உள்ளே ஏறி, வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் இடையிலுள்ள தப்பற் இடைவெளி குறையும். மைனருக்கு 0.012 அங்குலம். சத்தம் குறைந்துவிட்டது என்று மகிழாமல் அளந்து பாருங்கள். அடிக்கடி குறைந்தால் எஞ்சின் கெட் (சிலிண்டர் தலை) வேலைக்குப் போகும்போது கடினமான இருக்கை போடுங்கள்.

இன்னொன்று: பழைய மைனரில் பற்றறியின் பொசிற்றிவ்தான் பொடியில் பூட்டியிருக்கும். அது தெரியாமல் இன்றைய றேடியோவைப் பூட்டினால் புகைதான் பாட்டு.

வாங்கப் போகிறீர்களா? பொனற்றைப் பிறகு திறக்கலாம். முதலில் காப்பெற்றைத் தூக்கச் சொல்லுங்கள், அடுத்து முன்சில்லைத் தூக்கச் சொல்லுங்கள். 'ஜக் இல்லைத் தம்பி' என்பார்கள். நீங்களே ஒன்றைக் கொண்டுபோங்கள்.