திட்டம் முடிந்த பின்னரான பயிர்ப் போகங்களையும் பாருங்கள்

சிறு விவசாயிகளுக்கு வழங்கப்பட்ட நீர்ப்பம்பிகளையும் விதைநெல்லையும் கணக்கிட்டே உதவித் திட்டங்கள் வெற்றி பெற்றதாக நான் வாசித்த ஒரு கட்டுரை முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் 2004 சுனாமிக்குப் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் கிடைத்த உதவிகள் இல்லாவிட்டால் பலர் மீண்டும் வயலில் இறங்கியிருக்கவே முடியாது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆயினும் குச்சவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில், ஒரு வாசர் தேய்ந்ததற்காகவே மூலையில் போடப்பட்டுத் துருவேறிக் கிடந்த பம்பிகளைக் கண்டிருக்கிறேன். அந்த ரகத்துக்கு உதிரிப்பாகம் நகரத்துக் கடைகளில் இல்லை. பழுதுபார்க்க எவருக்கும் பயிற்சி தரப்படவும் இல்லை.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, மானியப் பசளையை நம்பியிருந்த நெற்செய்கை எவ்வளவு பலவீனமானது என்பதை நாடே கண்டது. ஆகவே, திட்டம் முடிந்து இரண்டு மூன்று பெரும்போகங்கள் (மாரிகால நெற்செய்கைப் பருவங்கள்) கழித்து மதிப்பீட்டாளர்கள் மீண்டும் வந்து, கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் சேமிப்பில் பணம் இருக்கிறதா, வாய்க்காலை யார் துப்புரவு செய்கிறார்கள், அடுத்த போகத்துக்கான விதைநெல் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். குத்தகைக்கு வயல் செய்வோரிடம் தனியாகவே கேட்க வேண்டும்; பயனாளிப் பட்டியலில் பெரும்பாலும் காணி உறுதி (நில உரிமைப் பத்திரம்) வைத்திருப்பவரின் பெயரே ஏறுகிறது.