கதை முடியாத படத்துக்கு இயக்குநர் என்ன செய்வார்?

பேர்பெற்ற அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றை, தனக்கென்று ஒரு பாணி வைத்திருக்கும் இயக்குநரிடம் ஒப்படைக்கிறார்கள் என்று செய்தி வந்தால் போதும். புதுச்சேரியிலும் கடலூரிலும் சினிமா ஆட்கள் கூடுகிற இடமெல்லாம் சண்டை தொடங்கிவிடும். "அந்த ஆளா? கெடுத்துடுவாரு" என்று ஒரு கட்சி. "இனிமேதான் உருப்படும்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் அவருடைய பழைய படங்களை வைத்தே பேசுகிறார்கள். அது போதவே போதாது. அவர் உள்ளே நுழைந்தபோது திரைக்கதை எந்த நிலையில் இருந்தது? கேமராவும் எடிட்டிங்கும் யாரிடம்? ஃபைனல் கட், அதாவது படத்தின் கடைசி வடிவத்தை முடிவுசெய்யும் உரிமை, யாருக்கு? ரிலீஸ் தேதி குறித்தாயிற்றா? இவற்றைக் கேட்காமல் ஒருவரைத் தூக்கி வைப்பதும் தப்பு, திட்டுவதும் தப்பு.

நமக்கு இது சட்டென்று பிடிபடாததற்குக் காரணம் உண்டு. தமிழில் தொடர்படம் பெரும்பாலும் இயக்குநரோடு போகும். 2010-இல் 'எந்திரன்' எடுத்த ஷங்கர்தான் 2018-இல் '2.0' எடுத்தார். ஹாலிவுட்டில் தொடர் என்பது ஸ்டுடியோவின் சொத்து. இயக்குநர் அங்கே குடியிருக்க வருகிறவர்; எந்தச் சுவரை இடிக்கலாம் என்று வீட்டுக்காரர்தான் சொல்வார்.

விண்வெளியில் ஒரு கொடிய உயிரினம் மனிதர்களை வேட்டையாடும் 'ஏலியன்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்தது இருட்டில் பதுங்கும் பயம். 1986-இல் ஜேம்ஸ் கேமரூன் அதைப் போர்ப்படமாகவே மாற்றினார். அவ்வளவு பெரிய மாற்றத்தை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றால், முதல் காரணம் திரைக்கதையை எழுதியவரே அவர்தான். என்ன எடுக்கப்போகிறோம் என்பது தாளில் முடிந்திருந்தது.

மூன்றாவது படத்துக்கு வந்த டேவிட் ஃபின்சருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. விளம்பரங்களும் இசை வீடியோக்களும் எடுத்து வந்தவர், இதுதான் முதல் படம். அவருக்கு முன் இயக்குநராக வின்சென்ட் வார்ட் இருந்தார். மரத்தால் ஆன ஒரு கோளில் துறவிகள் வாழ்கிறார்கள் என்பது வார்டின் கற்பனை. அதற்கான செட் வேலையும் ஆரம்பித்த பிறகு அவர் விலகினார். துறவிகள் கைதிகளாக மாறினார்கள், மடம் சிறையானது. திரைக்கதை முடியாமலேயே 1991 ஜனவரியில் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு தொடங்கியது. ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனென்வெத் உடல்நிலை காரணமாக ஓரிரு வாரங்களில் விலக, அலெக்ஸ் தாம்சன் வந்தார். 1992 மே மாதம் படம் வெளியானது.

இந்த அவசரத்தின் தடம் படத்திலேயே இருக்கிறது. மொட்டைத் தலை, நீண்ட அங்கி, கூட்டு வழிபாடு எல்லாம் துறவிக் கதையின் மிச்சம். அந்த உயிரினம் ஓடும் காட்சிகள் ஒட்டாமல் தெரிகின்றன என்று இன்றும் குறை சொல்கிறார்கள். அது ரசனைக் கோளாறு அல்ல, வேலைமுறையின் பிரச்சினை. கம்பி வைத்து ஆட்டும் பொம்மையை நீலத்திரைக்கு முன்னால் தனியாக எடுத்து, பிறகு ஆப்டிகல் முறையில், அதாவது இரண்டு ஃபிலிம் காட்சிகளையும் ஒரே ஃபிலிமில் பதித்து, செட் காட்சியோடு சேர்த்தார்கள். நடைவழியில் விழும் வெளிச்சமும் பொம்மைமேல் விழுந்த வெளிச்சமும் ஒத்துப்போகவில்லையென்றால் விளிம்பு பிரிந்து நிற்கும். கால் தரையில் பாவாது. இரண்டாவது படத்தில் நாயகியோடு தப்பிப் பிழைத்தவர்களை முதல் சில நிமிடங்களிலேயே சாகடித்ததை ரசிகர்கள் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் முழுவதையும் ஃபின்சர் தலையில் இறக்குவது நியாயமே இல்லை. மூன்று வருஷம் கழித்து 'செவன்' எடுத்துத் தன்னால் என்ன முடியும் என்று காட்டியவர் அவர்.

நான்காவதாக வந்தவர் பிரெஞ்சுக்காரர் ழான்-பியர் ழெனே. 1997-இல் வந்த 'ஏலியன்: ரிசரெக்‌ஷன்' புதுச்சேரிக்காரர்கள் கவனித்துப் பார்க்க வேண்டிய படம். ஃபின்சருக்கு வாய்க்காதது இவருக்கு வாய்த்தது: சொந்த ஆட்கள். ஒளிப்பதிவுக்கு டாரியுஸ் கோன்ஜி, எடிட்டிங்குக்கு எர்வே ஷ்னெய்ட், நடிக்க டொமினிக் பினோன், ரான் பெர்ல்மன். அதனால் படம் முழுக்க ழெனேயின் முத்திரை இருக்கிறது. மூக்கை முட்டுகிற வைட் லென்ஸ் முகங்கள், பழுப்பேறிய வெளிச்சம், அருவருப்பும் வேடிக்கையும் கலந்த தொனி. ஆனால் வசனம் ஜாஸ் வீடனுடையது, முழுக்க அமெரிக்கக் கிண்டல். ழெனேவுக்கு ஆங்கிலம் அதிகம் வராததால் செட்டில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். வரியின் பொருளை மொழிபெயர்ப்பாளர் கொண்டுவந்துவிடலாம். எந்தச் சொல்லில் அழுத்தம் விழுந்தால் சிரிப்பு வரும் என்பதைக் கொண்டுவருவது கஷ்டம். வரிகளைத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று வீடனே வெளிப்படையாகக் குறைப்பட்டார். பிரெஞ்சு தெரிந்தவர்கள் நம் ஊரில் இத்தனை பேர் இருக்கிறீர்கள். ஒரு தடவை பிரெஞ்சு ஒலியிலும் கேட்டுப் பாருங்கள், தொனி மாறுகிறதா என்று சொல்லுங்கள்.

ஃபைனல் கட் இல்லாததன் விலைக்கு 1984-இல் வந்த 'டியூன்' ஒன்றே போதும். அவ்வளவு பெரிய நாவலை 137 நிமிடத்தில் அடைத்தார்கள். இயக்குநர் டேவிட் லிஞ்ச் அதைத் தன் படமாகவே கருதவில்லை. நீட்டிய தொலைக்காட்சி வடிவத்தில் தன் பெயருக்குப் பதிலாக இயக்குநர் ஆலன் ஸ்மிதீ, எழுத்தாளர் ஜூடஸ் பூத் என்று புனைபெயர்களைப் போட வைத்தார். அதே நாவலை டெனி வில்னவ் இரண்டு படமாகப் பிரித்து, ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்.

2017 ஜூனில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் 'சோலோ' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே அதன் இயக்குநர்கள் ஃபில் லார்டும் கிறிஸ் மில்லரும் நீக்கப்பட்டார்கள். அந்த இடத்திலேயே வசனத்தை மாற்றிப் பேசவிட்டு எடுப்பது அவர்கள் வழி. எழுதியபடியே வேண்டும் என்பது ஸ்டுடியோவின் எதிர்பார்ப்பு. இதைப் படப்பிடிப்புக்கு முன்பே பேசித் தீர்த்திருக்க வேண்டும்.

'லைஃப் ஆஃப் பை' எடுக்க நம் ஊருக்கு வந்த ஆங் லீ, அதற்கு முன் 2003-இல் 'ஹல்க்' எடுத்தவர். காமிக்ஸ் பக்கம்போல் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். அவருடைய நீண்டகாலத் தோழர் ஜேம்ஸ் ஷேமஸ் எழுத்திலும் தயாரிப்பிலும் இருந்தார், எடிட்டர் டிம் ஸ்க்வயர்ஸும் பழைய கூட்டாளிதான். பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அந்தப் படத்துக்கு அவரையே கேள்வி கேட்கலாம், அதுதான் வித்தியாசம்.

ஆகவே அடுத்த அறிவிப்பு வரும்போது எழுத்தாளர் பெயரையும் ஒளிப்பதிவாளர் பெயரையும் முதலில் தேடுங்கள். இயக்குநரே எழுதுகிறார், தன் ஆட்களோடு வருகிறார் என்றால் நம்பிப் பொறுத்திருக்கலாம். தேதி மட்டும் இருக்கிறது, எழுத்தாளர் மாறிக்கொண்டே இருக்கிறார் என்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

'ஏலியன் 3' பார்க்க நினைப்பவர்கள் இரண்டு வடிவத்தையும் பாருங்கள். தியேட்டர் வடிவம் 114 நிமிடம். 2003-இல் வந்த அசெம்பிளி கட் என்ற நீளமான வடிவம் 145 நிமிடம். அதில் ஃபின்சர் பங்கெடுக்கவில்லை, இருந்தாலும் அவர் எடுக்க நினைத்ததற்கு அதுதான் பக்கம். டிவியில் அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள், அறையை இருட்டாக்குங்கள், படம் அவ்வளவு இருட்டு. எது எந்த வடிவம் என்று குழம்பினால் உயிரினம் எதிலிருந்து வெளிவருகிறது என்று கவனியுங்கள். நாய் என்றால் தியேட்டர் வடிவம், எருது என்றால் நீளமான வடிவம்.