மாறுவது விலங்கு இல்லை, விகிதம்

காட்டுயிர் ஆவணப்படம் எதைப் போட்டாலும் பத்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது: "இந்த விலங்கு சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது." ஏதோ அது முடிவெடுத்து, பாடுபட்டு, உடம்பைத் திருத்திக்கொண்ட மாதிரி! பரிணாமம் பற்றிய பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது என்பேன். தனி விலங்கு பிறந்த மரபணுவோடுதான் சாகிறது. பரிணமிப்பது இனக்கூட்டம், ஓரிடத்தில் வாழும் ஒரே இன உயிர்களின் கூட்டம். அதில் மாறுவது, ஒரு மரபணுவின் எந்த வடிவம் அந்தக் கூட்டத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு.

பசிபிக் கடலின் கலபாகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்றொரு குட்டித் தீவு. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973-லிருந்து பல பத்தாண்டுகள் அங்கே ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து, எது பிழைத்தது எது செத்தது என்று குறித்துவந்தார்கள். 1977-ல் கடும் வறட்சி. சின்ன விதைகள் தீர்ந்துபோய், உடைக்கக் கடினமான பெரிய விதைகளே மிஞ்சின. குருவிகளில் பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவற்றில் தடித்த அலகுக்காரர்கள் அதிகம். அலகின் பருமன் பெருமளவு பெற்றோரிடமிருந்து வருவது என்பதால் அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் கொஞ்சம் தடித்தது. வறட்சியைப் பார்த்து எந்தக் குருவியும் தன் அலகைத் தடிக்க வைக்கவில்லை. செத்தவை கணக்கிலிருந்து கழிந்தன, அவ்வளவுதான்.

அப்புறம் 1982-83-ல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடாகும் நிகழ்வு, மழையைக் கொட்டியது. சின்ன விதைகள் பெருகின. அடுத்த சில ஆண்டுகளில் சிறிய அலகுகளுக்கு யோகம் அடித்தது. பரிணாமம் என்றால் முன்னேற்றம் என்பவர்கள் இதில் எது முன்னே, எது பின்னே என்று சொல்லட்டும்.

விகிதம் மாறாமல் இருக்க என்ன வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஓங்கு பண்பு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலே வெளிப்படுவது) தலைமுறைக்குத் தலைமுறை பெருகி எல்லோரிடமும் பரவிவிடாதா என்ற சந்தேகம் ஒரு காலத்தில் அறிஞர்களுக்கே இருந்தது. 1908-ல் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டியும், ஜெர்மன் மருத்துவர் வீன்பெர்க்கும் தனித்தனியே பதில் சொன்னார்கள்: பரவாது. கூட்டம் மிகப் பெரியது, இணைசேர்தல் தற்செயலானது, இயற்கைத் தேர்வு (சில வடிவங்கள் மட்டும் அதிகம் பிழைத்துப் பெருகுவது) இல்லை, மரபணுவில் திடீர்மாற்றம் இல்லை, வெளிக்கூட்டங்களிலிருந்து வரத்தும் இல்லை என்றால் விகிதம் அப்படியே நிற்கும். தன் கணிதம் எதற்கும் பயன்படாது என்று பெருமைப்பட்ட ஹார்டியின் பெயரை இன்று உயிரியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், பாவம்.

இந்த நிபந்தனைகளில் 'மிகப் பெரிய கூட்டம்' என்பதைத்தான் நாம் கண்டுகொள்வதே இல்லை. நாணயத்தைப் பத்தாயிரம் தடவை சுண்டினால் தலையும் பூவும் ஏறக்குறைய பாதிப் பாதி. பத்துத் தடவை என்றால் எட்டுக்கு இரண்டு விழுந்தாலும் வியப்பில்லை. சின்னக் கூட்டத்தில் மரபணுக்களின் கதியும் அதுதான். இதற்கு மரபியல் நகர்வு என்று பெயர். மைக்ரோனேசியாவின் பிங்கலாப் தீவை 1775 வாக்கில் சூறாவளி தாக்கி, சுமார் இருபது பேர்தான் தப்பினார்கள். அவர்களில் ஒருவரிடம் முழு நிறக்குருடுக்கான மரபணு இருந்திருக்கிறது. உலகில் பல்லாயிரத்தில் ஒருவருக்கு வரும் அந்தக் குறைபாடு, இன்று அத்தீவு மக்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்காவது உண்டு. நிறம் தெரியாததில் அவர்களுக்கு என்ன நன்மை என்று தேடுவது வீண்வேலை. தப்பியவர்களில் அவரும் ஒருவர், அதுதான் காரணம். ஆனால் நமக்கோ மூக்கு நீளம் முதல் தூக்கம் வரை எல்லாவற்றுக்கும் 'ஆதிமனிதனுக்கு இது உதவியது' என்று கதை கட்டியாக வேண்டும்!

தற்செயலை மதிக்காவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா பேந்தர் என்ற பூமா வகை (பூமா ஒரு பெரிய காட்டுப்பூனை) 1990-களின் தொடக்கத்தில் இருபது முப்பதுக்குச் சுருங்கிவிட்டது. வேட்டையைத் தடுத்தது மட்டும் போதவில்லை. கோணல் வால், இதயக் கோளாறு, விந்தணுக் குறைபாடு என்று தீங்கான மரபணு வடிவங்கள் அந்தச் சின்னக் கூட்டத்தில் ஊறிப்போயிருந்தன. 1995-ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்துதான் குட்டி போட்டன. அதற்கே கோணல் வால் குறைந்தது, எண்ணிக்கை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று மடங்கானது. இடையில் 2003-ல், மிச்சமிருந்த டெக்சாஸ் பூமாக்களைக் காட்டிலிருந்து அகற்றியும்விட்டார்கள்.