அளக்க வேண்டியதை அளந்தார்களா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த இணையவழி நிதி ஆலோசனைக் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பது இங்கே என்னைத் தொடரும் பலருக்கும் தெரியும். அன்றிரவு எனக்கு வந்து குவிந்த குறுஞ்செய்திகளே அதற்குச் சாட்சி. பேசியவரின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் எங்கள் வீட்டில் உண்டவர், என் கணவரைத் "தம்பி" என்று அழைப்பவர் என்பது ஒரு காரணம். அவர் சொன்னது அவர் ஒருவருடைய கருத்து மட்டுமல்ல என்பது மற்றொரு காரணம். "கணுக்கால் சுளுக்குக்கெல்லாம் மேல்முறையீடு போட்டு அரசாங்கத்திடம் கறக்கிற கூட்டம் நம்மவர்களிலும் கிளம்பிவிட்டது" என்று அவர் சொன்னபோது திரையில் சிரித்த முகங்களை நானும் பார்த்தேன். அமெரிக்கப் படையில் பணியாற்றிய என் கணவரைத்தான் சொல்கிறார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கோபத்தை ஒதுக்கிவிட்டு விஷயத்தைச் சொல்ல முயல்கிறேன். அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, அதாவது வி.ஏ., கணுக்கால் பாதிப்புக்கு எப்படி ரேட்டிங், அதாவது இழப்பீட்டைத் தீர்மானிக்கும் பாதிப்பு விழுக்காடு, தருகிறது என்பதைச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் 20 பாகை, கீழ்நோக்கி நீட்டினால் 45 பாகை என்பது இயல்பான அசைவு. மேல்மடக்கம் 15 பாகைக்குக் கீழோ, கீழ்நீட்டம் 30 பாகைக்குக் கீழோ குறைந்தால் 10 விழுக்காடு. மேல்மடக்கம் 5 பாகைக்குக் கீழோ, கீழ்நீட்டம் 10 பாகைக்குக் கீழோ குறைந்தால் 20 விழுக்காடு. இந்த எண்களே 2021 பிப்ரவரியில்தான் விதிக்குள் வந்தன. அதற்கு முன் "மிதமானது", "குறிப்பிடத்தக்கது" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. எது மிதம் என்பது கோப்பைப் பார்ப்பவரின் கையில் இருந்தது. மூட்டு இறுகி அசையாமலே போனால்தான் அதற்கு மேல் 30, 40 என்று ஏறும்.

சரி, இந்தப் பாகைகளை அளப்பது எப்போது? கால் நன்றாக இருக்கும் ஒரு காலைப்பொழுதில், குளிரூட்டிய அறையில், மேசை மேல் படுக்க வைத்து, ஒரு கோணமானியால். காய்ச்சல் விட்ட பிறகு வெப்பமானி வைத்துப் பார்த்து, இவருக்குக் காய்ச்சலே வந்ததில்லை என்று எழுதுவதைப் போன்றது இது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. வலியாலும் அசதியாலும், திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதாலும் அசைவு எவ்வளவு குறைகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று படைவீரர் கோரிக்கைகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995இல் டிலூகா வழக்கிலேயே சொல்லிவிட்டது. தானாக அசைக்கும்போதும் பிறர் அசைக்கும்போதும், எடை தாங்கியும் தாங்காமலும், முடிந்தால் பாதிக்கப்படாத மறு மூட்டையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று 2016இல் கொரேயா வழக்கில் சொன்னது. வலி முற்றும் நாளில் கால் எப்படி இருக்கும் என்பதைப் "பரிசோதனையின்போது நான் பார்க்கவில்லை, ஆகவே சொல்ல இயலாது" என்று பரிசோதகர் தட்டிக்கழிக்க முடியாது, அதை அந்த வீரரிடமே கேட்டறிந்து மதிப்பிட முயல வேண்டும் என்று 2017இல் ஷார்ப் வழக்கில் சொன்னது.

என் கணவருக்கு நடந்த சி அண்டு பி பரிசோதனையின், அதாவது இழப்பீட்டுக் கோரிக்கைக்காக வி.ஏ. ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனையின், அறிக்கையில் இருந்தது ஏறக்குறைய அந்தத் தட்டிக்கழிக்கும் வாக்கியமேதான். மேல்மடக்கம் 10 பாகை, கீழ்நீட்டம் 35 பாகை, வலி முற்றிய நிலை காணப்படவில்லை, ஊகிக்காமல் எதுவும் கூற இயலாது. நிற்க வைத்து அளக்கவில்லை. மறுகாலைத் தொடவில்லை. அந்தப் பரிசோதகர் கெட்டவரல்லர், அன்பாகவே பேசினாராம். ஆனால் அளக்க வேண்டியதை அளந்தாரா? மேல்முறையீட்டில் நாங்கள் கேட்ட கேள்வி இவ்வளவுதான். பணத்தை ஏற்றித் தா என்று யாரும் கதறவில்லை. சட்டம் அளக்கச் சொன்னதை அளந்துவிட்டு, பிறகு எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டோம்.

அவருடைய கால் எப்படிக் கெட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதையும் சிலர் கேலிப் பொருளாக்கிவிட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களையும் அவர்களின் திறமைக்காக அமெரிக்கப் படையில் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில் சேர்ந்தவர் அவர். முதுகில் முழு ரக்சாக்குடன் இரவு நடை போகும்போது ஒரு பள்ளத்தில் கால் மடங்கியது. அன்று "சிக் கால்" எனப்படும், உடல்நலம் கெட்டவர்கள் மருத்துவரைப் பார்க்கும் வரிசையில் நிற்கவில்லை. நின்றால் பயிற்சியில் பின்தங்கிவிடுவோம், கூட வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மோட்ரின் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு பூட்ஸின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதன்பின் அதே கால் பலமுறை மடங்கியது. வீங்கும், வற்றும், மறுபடி மடங்கும். பின்னாளில்தான் மருத்துவக் கோப்பில் இரண்டொரு வரிகள் ஏறின. அன்று வாயை மூடிக்கொண்டு தாங்கியவனிடம் இன்று "அப்போதே ஏன் பதிவு செய்யவில்லை?" என்று கேட்கிறார்கள். நோய்க்குறியை நேரில் கண்டவர்களின் வாக்குமூலமும் சான்றுதான் என்று சட்டம் ஏற்பதால் உடனிருந்த வீரர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். மனைவி என்ற முறையில் நானும் எழுதினேன்.

அந்தக் கடிதத்தை எழுதிய மாலையை எப்படி விவரிப்பது என்று தெரியவில்லை. மழைக்காலத்தில் படியிறங்கும்போது அவர் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றுகிறார் என்று எழுதியிருந்தேன். அவர் படித்துப் பார்த்து, "இது வேண்டாம்" என்று அந்த வரியை அடித்தார். நான் மறுபடி எழுதினேன். அவர் மறுபடி அடித்தார். கடைசியில் அவர் உறங்கிய பிறகு தட்டச்சு செய்து சேர்த்தேன். கறக்கிற கூட்டம் இப்படித்தான் இயங்குகிறது, அண்ணா.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். மோசடி செய்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், பிடிபட்டுத் தண்டனையும் பெறுகிறார்கள். எந்தத் துறையில்தான் இல்லை?

நல்ல சம்பளம் வாங்குகிறாரே, பிறகு எதற்கு இது? இந்தக் கேள்வியைப் படித்தவர்களே கேட்பதுதான் வேதனை. இது ஏழ்மைக்குத் தரும் உதவித்தொகை அல்ல. இன்ன காயம் ஒரு சராசரி மனிதரின் சம்பாதிக்கும் திறனை எவ்வளவு குறைக்கும் என்ற கணக்கில் தரப்படும் இழப்பீடு என்று சட்டத்திலேயே இருக்கிறது. காயம் பட்டவர் பிறகு படித்து முன்னேறினார் என்பதற்காகக் கால் சரியாகிவிடாது. தொகையையும் சொல்கிறேன், சிரித்தவர்கள் குறித்துக்கொள்ளட்டும். 2025ஆம் ஆண்டு விகிதப்படி 10 விழுக்காட்டுக்கு மாதம் 175.51 டாலர், 20 விழுக்காட்டுக்கு 346.95 டாலர். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள 171 டாலர் சொச்சத்துக்காகத்தான் நாங்கள் கஜானாவைக் கொள்ளையடிக்கக் கிளம்பியிருக்கிறோம்.

அவர் கைப்பந்து ஆடியதைப் பார்த்தோமே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஆடினார். அதற்கடுத்த இரண்டு நாள் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக் கிடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. வலி ஏறும் நாளும் இறங்கும் நாளும் உண்டு என்பதைத்தானே ஷார்ப் தீர்ப்பே பேசுகிறது?

கை கால் இழந்தவர்களின் கோப்புகள் காத்திருக்கும்போது இவர் ஏன் வரிசையை அடைக்க வேண்டும் என்ற கேள்விதான் என்னை உறங்கவிடாமல் செய்தது, ஏனென்றால் அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதைப் போலத் தோன்றும். ஆனால் வரிசையை அடைப்பது யார்? முதல் பரிசோதனையே முறையாக நடந்திருந்தால் இந்தக் கோப்பு திரும்பி வந்திருக்காது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் மூன்று வழிகளைத் தருகிறது: புதிய சான்றுடன் துணைக் கோரிக்கை, மூத்த அலுவலரின் மறு ஆய்வு, மேல்முறையீட்டு வாரியம். எதைத் தேர்ந்தாலும், ஓராண்டுக்குள் செய்தால் பழைய தேதி காப்பாற்றப்படும். சட்டம் திறந்து வைத்த கதவு வழியே உள்ளே போனவனைச் சுவரேறிக் குதித்தவன் என்பதா? மறு ஆய்வு செய்தவரே பரிசோதனை போதாது என்று எழுதி, மீண்டும் பரிசோதிக்க அனுப்பியிருக்கிறார். அவரும் கறக்கிற கூட்டத்தில் ஒருவரோ?

போகிற போக்கில் ஒருவர், "குடியுரிமைக்காகத்தானே பட்டாளத்துக்குப் போனான், அது கிடைத்துவிட்டதே" என்றும் சொன்னார். இருக்கட்டும். அதற்காகவே போனார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரக்சாக்கின் எடை அவருக்கு மட்டும் குறைந்துவிட்டதா? படைவீரர் நாளான நவம்பர் 11 வந்தால் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறீர்கள், சீருடையோடு நிற்க வைத்துப் படம் எடுக்கிறீர்கள். அந்தப் பொன்னாடைகள் எங்கள் அலமாரியில் மடித்தபடி இருக்கின்றன. போர்த்திய கைகளே நையாண்டி செய்யும்போது, அவற்றை என்ன செய்வது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. என் கணவர் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் கணினியை மூடிவிட்டு, மறுபரிசோதனைக்குப் போக வேண்டாம், விட்டுவிடலாம் என்றார். அது ஒன்றுதான் அந்தச் சிரிப்பின் பலன்.

போகப் போகிறோம். இந்த முறை நானும் உடன் செல்கிறேன். நிற்க வைத்து அளக்கிறார்களா, மறுகாலை அளக்கிறார்களா, வலி முற்றும் நாளைப் பற்றிக் கேட்கிறார்களா என்று பார்ப்பேன். கேட்காவிட்டால் நானே எடுத்துச் சொல்வேன்.

அண்ணாவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் உங்கள் வரிச்சலுகைப் பேச்சுக்கு முன் அரைமணி நேரம் ஒதுக்கி, அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதி ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். கோரிக்கைக்கு உதவ அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. அழைப்பதற்கான தொலைபேசி எண் வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது.